நாத்தனார் வீட்டுச் சுவர்

என் நாத்தனாருக்கு பொன்முடியில, தேயிலை எஸ்டேட் லயத்துல ஒரு வீடு இருந்துச்சு. வீடுன்னதும் பெருசா நினைச்சிராதீங்க. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால குனிஞ்சு நுழையுற ஒரு சாய்ப்பு. வரிசையா ஒட்டினாப்பல கட்டின வீடுங்க. பக்கத்து வீட்டுல ஒருத்தர் தும்மினா இந்த வீட்டுல இருந்தே ‘நூறாயுசு’ன்னு சொல்லலாம். என் வீட்டுக்காரரும் அந்த அறையிலதான் பிறந்தார். அவர் படிச்சு மலை இறங்கிட்டார். தங்கச்சி கொழுந்து கிள்ளப் போனா, அங்கயே வாக்கப்பட்டா, புருஷன் போனப்புறமும் அங்கயே இருந்தா. எஸ்டேட்டைப் பூட்டினப்புறமும் அசையல. கீழ வந்து எங்களோட இருன்னு நானும் வருஷம் பூரா கூப்பிடுவேன். ‘எனக்குத்தான் வீடு இருக்கே மைனி’ம்பா. அந்த வீட்டைக் காப்பாத்தத்தான் நாங்க கோர்ட்டுக்குப் போனோம்.

என் வீட்டுக்காரர் காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் குடுத்தவர். அதுலயும் சாம்ராஜ்யம்தான் இவர் பாடம். வெள்ளக்காரன் இந்த மலைகளை ராஜாகிட்ட எப்படி வாங்கினான், காட்டை யாரை வச்சு வெட்டினான், திருநெல்வேலிப் பக்கத்துல பட்டினி கிடந்த ஜனங்களை எதைச் சொல்லி மலை ஏத்தினான், இதைத்தான் ஆயுசு பூரா தோண்டிக்கிட்டு இருந்தார். பழைய காகிதத்துத் தூசியைத் தின்னு தின்னு இருமலை வாங்கினதுதான் மிச்சம். நான் சாலைக் கடைத்தெருவுல பாத்திரக் கடைக்காரர் வீட்டுப் பொண்ணு. லயத்துப் பையனுக்கா என் பொண்ணுன்னு எங்கப்பா ஆடின ஆட்டத்தைப் பாக்கணுமே. அதையெல்லாம் மீறித்தான் இவரைக் கட்டிக்கிட்டேன். கரண்ட் ஆபீஸ் கவுண்டர்ல உக்காந்து ஊர்ச் சண்டையெல்லாம் போட்டு ரிட்டயர் ஆனவ நான். எனக்கு வாய் நீளம்னு இவர் சொல்லுவார். இவருக்கும் சேத்து நான்தானே பேச வேண்டியிருந்துச்சு.

எதையும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டார். அதுதான் இவர் தொழில், அதுதான் என் தலையெழுத்து. குழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா, ‘எனக்குச் சரியாத்தான் படுது’ம்பார். மழை வருமா, மாடியில காயுற வத்தலை எடுக்கவான்னு கேட்டா, ‘வரவும் வாய்ப்பிருக்கு’ம்பார். சொல்லி முடிக்கிறதுக்குள்ள வத்தல் நனைஞ்சு போயிரும். கல்யாணத்தப்ப என்னைப் புடிச்சுத்தான் கட்டினீங்களான்னு ஒரு தடவை கேட்டேன். அந்தக் காலத்துல நான் ஒண்ணும் எழுதி வைக்கலையேன்னார் பாருங்க, அடப்பாவி மனுஷா! இவர் புஸ்தகம் இங்கிலீஷ்ல எழுதினது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ‘என்று தோன்றுகிறது’, ‘என்று கருத இடமுண்டு’, இதுதான். படிச்சவங்க எல்லாம் ஆகா, என்ன நிதானம்னு மெச்சினாங்க.

அந்த நிதானத்துக்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேந்த புதுசுல, ஒரு கூட்டத்துல தோட்டத் தொழிலாளிகளைப் பத்திப் பேசியிருக்கார். முடிச்சதும் ஒரு பெரிய மனுஷர் எந்திரிச்சு, “இது சரித்திரமா, இல்ல உங்க வீட்டு ஒப்பாரியா?”ன்னு கேட்டாராம். சபை பூரா சிரிச்சிருக்கு. அன்னையில இருந்து இவர் தன் வீட்டாளுங்க ஒருத்தரையும் தன் எழுத்துப் பக்கம் அண்டவிடல. கூலிக்காரன் மகன் வயித்தெரிச்சல்ல எழுதுறான்னு யாரும் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசிறக் கூடாதுங்கிறதுல அவ்வளவு கவனம். துரை எழுதினது, கம்பெனி எழுதினது, அரண்மனை எழுதினது, இதுல இருந்தா எடுப்பார். வீட்டுப் பேச்சைத் தொடவே மாட்டார்.

என் மாமியார் கடைசி காலத்துல கிழக்கேகோட்டைப் பக்கம் எங்க வீட்டுலதான் இருந்தாங்க. முருங்கைக்கீரை ஆய உக்காந்தா போதும், லயம் கட்டின கதையை ஆரம்பிச்சிருவாங்க. முதல்ல காடு வெட்டக் கூட்டிட்டு வந்தவன் எல்லாரையும் புல்லுக் குடிசையில போட்டிருந்தானாம். குளிரும் அட்டையும் தாங்க முடியாம பிள்ளைங்க சாகவும், மாமியாரோட அப்பாவும் கூட வந்தவங்களும் சேந்து, வேலை முடிஞ்ச நேரத்துல ஓடைக்கல்லைச் சுமந்து, செம்மண்ணைக் குழைச்சு, தாங்களே சுவர் எழுப்பியிருக்காங்க. கம்பெனின்னு ஒண்ணு வந்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான். இதை எழுதுங்களேன்னு இவர்கிட்ட நான் எத்தனையோ மட்டம் சொல்லியிருக்கேன். அம்மா சொன்னதை நான் எப்படிச் சேக்கிறதுன்னுட்டுப் போயிருவார். அந்தம்மா கீரையை ஆஞ்சுக்கிட்டு இருப்பாங்க.

அவங்க போய்ச் சேந்து கொஞ்ச காலத்துல எஸ்டேட் கை மாறுச்சு. வாங்கினவங்களுக்குத் தேயிலை வேண்டாம், ரிசார்ட்தான் கட்டணும். லயத்தைக் காலி பண்ணுங்கன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. வேலைக்காரங்க தங்கக் கம்பெனி கட்டிக் குடுத்த வீடு, வேலையே இல்லைன்னு ஆனப்புறம் வீடு எதுக்குன்னு அவங்க வாதம். லயத்துக்காரங்க விடல. எங்க பாட்டன் கட்டின வீடு, உங்க கம்பெனி வாறதுக்கு முன்னால இருந்தே நாங்க இருக்கோம்னு கேஸ் போட்டாங்க. என் நாத்தனார் பேரும் அதுல உண்டு. பத்திரமா பட்டாவா, ஒரு துண்டுக் காகிதம் எவன்கிட்டயும் கிடையாது. கண்ணால பாத்தவங்களும் மண்ணுக்குள்ள போயிட்டாங்க.

லயத்துக்காரங்களுக்காக வாதாடுற வக்கீல் ஒரு மலையாளத்துப் பொண்ணு. கெட்டிக்காரி. ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்து, இந்த மலையைப் பத்தி சாரைவிட அறிஞ்சவர் யாரு இருக்கா, சார் வந்து சாட்சி சொன்னா கேஸ் நிக்கும்னு சொல்லுச்சு. சார் எழுதின புஸ்தகத்தை அந்தப் பக்கத்துக்காரங்களாலயும் தள்ள முடியாதுன்னுச்சு. இவர் யோசிச்சார். இதுல என்ன யோசனைன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். சொந்தத் தங்கச்சி வீடு, நான் போய் நின்னா ஒருதலைப்பட்சம்னு சொல்ல மாட்டாங்களான்னார். சொல்லட்டும், அதுக்கு மேல நீங்க உண்மையைச் சொல்லுங்கன்னேன். ஒருவழியா ஒத்துக்கிட்டார்.

அந்த வாரம் பூரா சாப்பாட்டு மேஜையில நான்தான் கோர்ட் நடத்தினேன். லயத்தைக் கட்டினது யாருன்னு கேப்பேன். ‘கிடைக்கிற சான்றுகளை வச்சுப் பாத்தா’ன்னு ஆரம்பிப்பார். சான்றும் வேண்டாம், சந்தனமும் வேண்டாம், தொழிலாளிங்க கட்டினதுன்னு நாலு வார்த்தையில சொல்லுங்கன்னு அதட்டுவேன். சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். அடுத்த தடவை கேட்டா மறுபடியும் சான்றுலயே போய் நிப்பார். 

கேஸ் அன்னைக்கு நாத்தனார் முதல் பஸ்ஸுக்கே வந்துட்டா. கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துட்டு, முகத்தைக் கழுவி, பெட்டியில இருந்த நல்ல சேலையைக் கட்டி, எலுமிச்சம்பழத்தைக் கையில புடிச்சுக்கிட்டு வந்திருந்தா. பின்வரிசையில நானும் அவளும் ஒட்டி உக்காந்திருந்தோம். நம்ம வக்கீல் பொண்ணு கேட்டதுக்கு இவர் நல்லாத்தான் பதில் சொன்னார். துரைமார் காலத்துப் பங்களா, பேக்டரி எல்லாம் சுண்ணாம்புக் காரை வச்சுக் கட்டினது, தொழிலாளிங்க தாங்களா கட்டினதெல்லாம் மண்ணு வச்சுக் கட்டினது, இது இந்த மலைத் தோட்டங்கள்ல பொதுவா காணுற விஷயம்னார். இந்த லயம் தொழிலாளிகள் கட்டினதுதான் என்பது என் முடிவுன்னார். நான் நாத்தனார் கையைப் புடிச்சு அமுக்கினேன்.

அப்புறம் எஸ்டேட் வக்கீல் எந்திரிச்சார். சாந்தமான மனுஷன், சிரிச்ச முகம். புஸ்தகம் இங்கிலீஷ்ல இருக்கிறதால இங்கிலீஷ்லயே கேக்கிறேன்னார். இவர் புஸ்தகத்தையே கையில எடுத்து, இவர் எழுதின வரியையே வாசிச்சார். ‘லயங்களைத் தொழிலாளர்களே கட்டியிருக்கக் கூடும்.’ இது நீங்க எழுதினதுதானே? ஆமா. அப்படின்னா கம்பெனி கட்டியிருக்கவும் கூடும்தானே?  அதை முழுக்க மறுக்க முடியாதுன்னார் இவர். குறிப்பா இந்த லயத்துச் சுவருக்குள்ள இருக்கிறது மண்ணா, சுண்ணாம்பான்னு உங்களுக்குத் தெரியுமா? வெளிய சிமெண்ட் பூசியிருக்கிறதால உடைக்காமச் சொல்ல முடியாதுன்னார். அந்தச் சிமெண்டை லயத்துலயே முதல்ல பூசினவ என் நாத்தனார்தான். மழைக்கு ஓதம் ஏறுதுன்னு சிறுகச் சிறுகச் சேத்து வச்சு, பழைய பூச்சுக்கு மேலயே பூசினா, அதுல அவளுக்கு அவ்வளவு பெருமை. கடைசியா அந்த வக்கீல், இந்த லயத்தைத் தொழிலாளிங்க கட்டினாங்கன்னு நீங்க சொல்றதுக்கு வேற ஏதாவது ஆதாரம் உண்டான்னு கேட்டார்.

 சொல்லுங்க, அம்மா சொன்னாங்கன்னு சொல்லுங்கன்னு மனசுக்குள்ள கத்தினேன். எடுத்துக்கிறதும் தள்ளுறதும் கோர்ட் பாடு, வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க. இவர் கண்ணாடியைக் கழட்டினார், மறுபடி மாட்டினார்.

“இல்லை”ன்னார்.

நம்ம வக்கீல் பொண்ணு விடாம, அப்படின்னா ஒரு ஆளை அனுப்பி அந்தச் சுவரைக் கொஞ்சம் கொத்திப் பாக்கட்டும்னு கேட்டுச்சு. அது எங்க கட்சிக்காரரோட சொத்து, உடைக்கச் சம்மதமில்லைன்னு அந்தப் பக்கம் எதிர்த்தாங்க. வரவழைச்ச சாட்சிக்கே உறுதியில்லாதப்ப சுவரைக் கொத்த வேண்டிய அவசியமில்லைன்னு கோர்ட்டும் சொல்லிருச்சு. அந்தப் பொண்ணு பேனாவை மூடி வச்சதை நான் பாத்தேன்.

வெளிய வந்ததும் நாத்தனார் என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போனா. அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ‘அண்ணன் நல்லாத்தான பேசிச்சு மைனி? அந்த வக்கீலே சிரிச்சுக்கிட்டு நின்னாரே’ன்னா.  இவர் பக்கத்துல வந்து நின்னார். அம்மா சொன்னதைச் சொன்னியா அண்ணேன்னு அவ நேரா கேட்டா. ‘அதைக் கேக்கல’ன்னார் இவர். கேட்டாங்கன்னு எனக்குத் தெரியும், நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். அவ எலுமிச்சம்பழத்தை அண்ணன் கையில குடுத்துட்டு பஸ்ஸைப் புடிக்க ஓடினா. மலைக்குப் போற பஸ்ஸு கொஞ்சம்தான், விட்டா வழியில நிக்கணும்.

வீட்டுக்கு வந்து நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்தினாங்க. ஏங்க வாயில என்ன கொழுக்கட்டையான்னேன். என்னைப் பொய் சொல்லச் சொல்றியான்னு கேட்டார்.

“உங்க அம்மா சொன்னது பொய்யா?”

“பொய்யில்ல. ஆனா அது சான்று ஆகாது.”

ஒரு துரை சீமையில இருக்கிற தன் அக்காவுக்கு, இங்க ஒரே மழை, கூலிங்க சோம்பேறிங்கன்னு எழுதினா அது சான்று, அதை வச்சு நீங்க ஒரு அதிகாரமே எழுதுவீங்க, கல்லு சுமந்தவர் மக சொன்னா அது சான்று இல்லையான்னு கேட்டேன். நான் படிச்சவ இல்லைங்க, கவுண்டர்ல பில்லு வாங்கினவ. எனக்குப் புரிஞ்சதைக் கேட்டேன்.  இவர் அன்னைக்குச் சாப்பிடாமலே படுத்துட்டார்.

கேஸ் தோத்துருச்சு. தீர்ப்புல இவர் சொன்னதையே எடுத்துப் போட்டிருந்தாங்க. தொழிலாளர் தரப்புச் சாட்சியான வரலாற்று ஆசிரியரே உறுதியாகச் சொல்லவில்லைன்னு. அதை வக்கீல் பொண்ணு போன்ல வாசிச்சப்ப இவர் நாற்காலிக் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தார். லயத்துக்காரங்க ரெண்டொருத்தர் போன் பண்ணி, எஸ்டேட்காரன்கிட்ட என்ன வாங்கினீங்க சாருன்னே கேட்டுட்டாங்க. நாத்தனார் அவங்ககூட எல்லாம் சண்டைக்குப் போயிருக்கா. எங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆளில்லை, என்னமோ சட்டத்துல இடமில்லாமப் போச்சுன்னு. அதைக் கேட்டு இவர் இன்னும் ஒடுங்கிப் போயிட்டார்.

அதுக்கப்புறம் இவருக்குப் பைத்தியம் புடிச்ச மாதிரிதான். அம்மா சொன்னது எல்லாத்தையும் எழுத உக்காந்துட்டார். ஞாபகம் வராத இடத்துல என்னைக் கூப்பிட்டுக் கேப்பார், முதல் கல்லை எந்த ஓடையில எடுத்ததாச் சொன்னாங்க, மண்ணு மிதிச்சது யாருன்னு. எனக்கு நினைவிருக்கிறதைச் சொல்லுவேன். ‘என் தாய் என்னிடம் சொன்னார், நான் அதை நம்புகிறேன்’னு அடியில கையெழுத்துப் போட்டு வக்கீல் பொண்ணுகிட்டக் கொண்டுபோய்க் குடுத்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் மை, ஷேவ் பண்ணாத முகம், அந்த மனுஷனை அப்படி நான் பாத்ததே இல்ல. அந்தப் பொண்ணு வாசிச்சிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிச்சு. சாட்சி சொன்ன அன்னைக்கு இல்லைன்னு சொல்லிட்டு இப்ப இதைக் குடுத்தா, தோத்தப்புறம் கட்டின கதைன்னு ஒரே வார்த்தையில தள்ளிருவாங்க சார்னுச்சு. மேல்கோர்ட்டுல தடை மட்டும் கேட்டுப் பாக்கலாம்னுச்சு. கேட்டுச்சு, கிடைக்கல.

காலி பண்ணச் சொன்ன கெடு முடிஞ்சும் நாத்தனார் இறங்கல. நாங்க ரெண்டு பேரும் போய்க் கூப்பிட்டோம். அடுப்புல பால் விடாத கட்டன்சாயாவைக் கொதிக்க வச்சுக் குடுத்துட்டு, இன்னும் ஏதாவது வழி இருக்கும்ல அண்ணேன்னு கேட்டா. அவ நம்பிக்கையைப் பாத்து எனக்கு அங்க உக்காரவே முடியல, கொல்லைப்பக்கமாப் போய் நின்னுக்கிட்டேன். இவர் சிமெண்ட் பூசின சுவரையே பாத்துக்கிட்டு இருந்தார். ஒரு ஆணியை வச்சாவது கொஞ்சம் சுரண்டிப் பாத்திருக்கலாம். ஊரான் சொத்துன்னு கோர்ட் சொன்ன சுவரு, இவர் விரலாலகூடத் தொடல. எனக்கும் அந்த நேரத்துல புத்தி போகல.

அதுக்குப் பிறகு ஒரு காலையில, நான் தோசைக்கல்லை அடுப்புல போட்டுட்டு இருக்கப்ப இவர் போன் அடிச்சுச்சு. காது மந்தம்கிறதால எப்பவும் ஸ்பீக்கர்லதான் போட்டுப் பேசுவார். நாத்தனார்தான்.

“இடிக்கிறாங்க அண்ணே”ன்னா.

பின்னால ஜேசிபி உறுமுறது கேட்டுச்சு. ஒரு குழந்தை அழுதுச்சு. போலீஸ் வந்திருக்கு, சாமானை எல்லாம் ரோட்டுல எடுத்து வச்சாச்சு, கோடியில இருந்து ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டு வந்து நம்ம வீட்டையும் தள்ளிட்டாங்கன்னு அழுதுக்கிட்டே சொன்னா.  இவர் போனை வாய்க்கிட்டக் கொண்டு போனார். தங்கச்சிக்கு ஆறுதல் சொல்லுவார்னு பாத்தேன்.

“உடைஞ்ச இடத்துல உள்ளே என்ன இருக்கு? சுண்ணாம்பா, மண்ணா?”ன்னு கேட்டார்.

அந்தப் போனைப் புடுங்கி எறியலாமான்னு வந்துச்சு எனக்கு. வீடு போச்சேன்னு அவ அங்க நடுரோட்டுல நிக்கிறா, இந்த மனுஷன் சுவரை விசாரிக்கிறார். ஆனா அவ கோவப்படல. இருன்னு சொல்லிட்டு நடந்தா. கல்லு மேல செருப்பு சறுக்குற சத்தம் வந்துச்சு. யாரோ மலையாளத்துல, அங்கோட்டுப் போகாதேன்னு அதட்டினாங்க. அவ நிக்கல.

“மண்ணு அண்ணே. எல்லாம் செம்மண்ணு. கையில அள்ள வருது. அம்மா சொன்னாப்பலயேதான் இருக்கு.”

இவர் அப்படியே அடுப்படித் தரையில உக்காந்துட்டார். சுவத்துல சாஞ்சு, வாயைப் பொத்திக்கிட்டு, உடம்பு பூரா குலுங்குச்சு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவர் அழுது நான் பாத்ததில்ல. தோசை கருகிற வாடை வந்துச்சு, போய் அடுப்பை அணைக்கணும்னுகூட எனக்குத் தோணல. போன்ல அவ அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. இவர் போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கி, சொல்லு பிள்ளைன்னேன்.

“மைனி, ஒரு கட்டி எடுத்துட்டு வரட்டா? ஈரத்துணியில சுத்திக் கொண்டுவந்தா உதிராது. கோர்ட்ல அண்ணன் இதைக் காட்டிச் சொன்னா, இடிக்கிறதை நிறுத்திருவாங்கல்ல?”

கொண்டு வான்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல.